பஞ்சமி நிலம்: எல்லோரும் சேர்ந்து எழுத வேண்டிய ஒரு பக்கம்

செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்கள் தரகரிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி வரும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும்: "டி.சி. நிலம் இல்லையே?"

கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அந்த இரண்டு எழுத்தின் வரலாறு பெரும்பாலும் தெரியாது. அது வம்பு பிடித்த நிலம், தொட்டால் பின்னாளில் தொல்லை வரும் என்ற அளவில்தான் பலருக்குத் தெரிகிறது. டி.சி. என்பது 'டிப்ரெஸ்டு கிளாஸ்', அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் சுருக்கம். அந்த வகுப்பினருக்கு நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலத்தையே மக்கள் 'பஞ்சமி நிலம்' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அந்தக் கதையின் முக்கியமான திருப்பங்கள் பல இதே செங்கல்பட்டு மண்ணில்தான் நடந்தன.

மாமல்லபுரத்துக்கோ மதுராந்தகத்துக்கோ பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி இதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் முதலில் ஒரு கலைக்களஞ்சியத்தைத்தான் புரட்டுவார். அங்கே அவர் எதைப் படிக்க வேண்டும்? எதையெல்லாம் சேர்க்கலாம், எதை விடலாம், எதை 'இப்படிச் சொல்லப்படுகிறது' என்ற குறிப்போடு மட்டும் வைக்கலாம்? தொகுப்பாளர்கள் நாலு பேர் அறைக்குள் உட்கார்ந்து முடித்துவிடக்கூடிய சிறு வேலையாக இது தோன்றலாம். ஆனால் நிலத்தை இழந்தவர்கள், இன்று அதை வைத்திருப்பவர்கள், பதிவேட்டைப் பாதுகாப்பவர்கள், நீதிமன்றத்தில் வாதாடுபவர்கள் ஆகிய அனைவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. எனவே இது ஊர்ப் பொதுக்காரியம்.

சட்டமா, ஆணையா?

கட்டுரையின் முதல் வரியிலேயே கவனம் வேண்டும். 'பஞ்சமி நிலச் சட்டம்' என்று மேடையிலும் செய்தியிலும் சொல்கிறோம். அந்தப் பெயரில் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இருப்பது அரசாணைகளும், வருவாய் வாரிய நிலை ஆணைகளும், ஒவ்வொரு ஒப்படைப்பிலும் எழுதப்பட்ட நிபந்தனைகளும். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை 1010 இவற்றின் தொடக்கப் புள்ளியாகக் குறிப்பிடப்படுகிறது. நிபந்தனையின் சாரம் எளிமையானது: முதல் 10 ஆண்டுகள் நிலத்தை யாருக்கும் விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகு கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இன்னொருவருக்கே கைமாற்ற வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்து மாநிலங்கள் வேறு வழியில் சென்றன. அன்றைய ஆந்திரப் பிரதேசம் 1977-இல் ஒப்படை நிலங்களைக் கைமாற்றத் தடை விதிக்கும் சட்டத்தை இயற்றியது. கர்நாடகம் 1978-இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வழங்கிய நிலங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. நாடு முழுமைக்குமான 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அவர்களுடைய நிலத்திலிருந்து முறைகேடாக அகற்றுவதைக் குற்றமாக்கியது. இவற்றையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நம் மாநிலத்துப் பாதுகாப்பு எதன்மேல் நிற்கிறது என்பது வாசகருக்கு விளங்கும். 'சட்டம்' என்று எழுதுவதா, 'ஆணை' என்று எழுதுவதா என்ற சின்னக் கேள்வி நேராக விஷயத்தின் நடுவுக்கே கொண்டுபோய்விடுகிறது.

யாருடைய பெயரை முதலில் எழுதுவது?

அடுத்த கேள்வி தோற்றம் பற்றியது. 1891-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராகப் பொறுப்பு வகித்த ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். ஊர் நிலத்தில் சில குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமை தரும் மிராசு முறை வேரூன்றியிருந்த மாவட்டம் இது. ஊரின் தரிசு நிலத்தை ஒதுக்கக் கோரி யாராவது தர்க்காஸ்து மனு போட்டால் மிராசுதார்களின் முன்னுரிமை குறுக்கே வரும். உழுது பயிரிட்ட கூலிக்காரருக்குச் சொந்தமாகக் காணி நிலம் கிடைப்பது அரிதாக இருந்தது. குடியிருந்த மனைகூட உறுதியில்லாமல் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய் என்ற மிரட்டல் வரும். இந்த நிலைமைகளை அவர் எழுத்தில் பதிவு செய்தார். அவர் கேட்ட அனைத்தையும் அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் பேச்சு தொடங்கிவிட்டது.

டிரெமென்ஹீர் பெயரோடு கட்டுரையை நிறுத்தினால் ஒரு பகுதியைத்தான் சொன்னவர்களாவோம். அதே காலத்தில் செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற கிறித்தவ மறைப்பணியாளர்களும் நிலமில்லாதவர்களின் நிலைமையைத் தொடர்ந்து எழுதிவந்தார்கள். 1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசப் பண்டிதர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபை மாநாடு நீலகிரியில் கூடித் தன் கோரிக்கைகளை அரசின்முன் வைத்தது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அதே ஆண்டில் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல் 'பறையன்' இதழை வெளியிட்டார்.

ஒரு தரப்பார், ஆட்சியரின் அறிக்கை இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது என்கிறார்கள். மறுதரப்பார், மக்களே திரண்டு கேட்டதை மறைத்துவிட்டு அதிகாரியின் கருணையாகக் காட்டுவது நியாயமா என்று கேட்கிறார்கள். இரண்டு கவலைகளிலும் உண்மை இருக்கிறது. அறிக்கை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில் மக்கள் அமைப்புகள் எழுந்ததும் அதே அளவு உறுதியான செய்தி. கலைக்களஞ்சியம் மாலை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. தேதி வரிசையில் யார் என்ன செய்தார்கள் என்று ஒழுங்காக எழுதினாலே இரு தரப்பாரும் தங்கள் முன்னோரை அதில் காண்பார்கள்.

சொல் தேர்விலும் இதே நிதானம் வேண்டும். அன்றைய அரசுக் கோப்புகளில் உள்ள சாதிப் பெயர்களும் அடைமொழிகளும் இன்று காதுக்கும் மனதுக்கும் உறுத்துகின்றன. ஆவணத்தின் தலைப்பைக் குறிப்பிடும் இடத்தில் அந்தச் சொல் வரலாம். கட்டுரை தன் குரலில் பேசும் இடத்தில் ஆதிதிராவிடர், பட்டியல் சாதியினர், தலித் என அந்த மக்கள் ஏற்றுக்கொண்ட சொற்களையே கையாள வேண்டும். வரலாற்றையும் திருத்தாமல், வாசிப்பவரையும் புண்படுத்தாமல் எழுத இந்த ஒரு விதி போதும்.

பன்னிரண்டு லட்சம் ஏக்கர்

இனி எண்ணுக்கு வருவோம். பஞ்சமி நிலம் என்றவுடன் '12 லட்சம் ஏக்கர்' என்ற கணக்கு சொல்லப்படுகிறது. இயக்கங்களின் துண்டறிக்கைகளிலும், சட்டமன்றப் பேச்சுகளிலும், நாளிதழ்களிலும் அந்த எண் மீண்டும் மீண்டும் வருகிறது. அரசுப் பதிவேடுகளை வைத்துச் சொல்லப்படும் கணக்கோ அதைவிட மிகக் குறைவு. எதை எழுதுவது?

'12 லட்சம் ஏக்கர்தான்' என்று உறுதியாக எழுதினால், எந்தக் கணக்கெடுப்பு என்று கேட்பவருக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணையே நீக்கிவிட்டால், முப்பது ஆண்டுக்கும் மேலாக ஓர் இயக்கத்தைத் திரட்டிய செய்தியை மறைத்தவர்களாவோம். ஆகவே எண்ணைச் சொல்பவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுவதே முறை: இயக்கங்கள் இவ்வளவு என்கின்றன, அரசு தன் பதிவுகளின்படி இவ்வளவு என்கிறது, இரண்டுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு வரக் காரணங்களாகச் சொல்லப்படுபவை இவை.

அந்தக் காரணங்களில் ஒன்றை அருகிலிருந்து பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ-பதிவேடு' என்று ஒரு தடித்த நோட்டு இருக்கும். புல எண், உட்பிரிவு, பழைய புல எண், ரயத்துவாரியா இனாமா, நஞ்சையா புஞ்சையா, ஹெக்டேர், தீர்வை, பட்டா எண், பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள் ஓடும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். நிபந்தனை நிலம் என்றால் அந்தக் கட்டத்தில்தான் அது தெரிய வேண்டும். பழைய பதிவேட்டில் அங்கே இருந்த இரண்டு எழுத்து, புதிய பதிவேட்டுக்குப் படி எடுத்தபோது வராமல் போனால், அடுத்த தலைமுறைக்கு அந்த நிலம் சாதாரணப் பட்டா நிலமாகிவிடும். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது இப்படிக் குறிப்புகள் விடுபட்டதாகப் பல கிராமத்தார் குறை சொல்கிறார்கள். விடுபட்டது கவனக்குறைவா வேண்டுமென்றா என்பதை ஒவ்வொரு புல எண்ணிலும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். ஒட்டுமொத்தமாக யாரையும் குற்றவாளியாக்க ஒரு கட்டுரைக்கு உரிமை இல்லை. விடுபடும் வழி எப்படித் திறக்கிறது என்று விளக்குவது மட்டும் கட்டுரையின் கடமை.

காரணையை எழுதாமல் இருக்க முடியுமா?

சட்டம் பற்றிய கட்டுரையில் சட்டத்தை மட்டும் எழுதினால் போதும், போராட்டங்களுக்கு வேறு பக்கம் இருக்கட்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு சமூகத்தின் முழுத் துயரத்தையும் கொட்டிவிட்டால், அரசாணை என்ன சொல்கிறது என்று தேடி வந்தவர் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போவார்.

எதிர்வாதமும் வலுவானது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. கோப்புகளுக்குள் ஏறக்குறைய மறந்துபோயிருந்த 1892-ஆம் ஆண்டு ஆணையைத் தமிழகம் முழுவதும் பேசுபொருளாக்கியதில் அந்த நாளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஓர் ஆணையின் வரலாற்றை எழுதும்போது அது எப்போது உயிர்பெற்றது என்பதை விட்டுவிட முடியாது.

இரண்டையும் ஏற்கும் வழி இருக்கிறது. காரணை நிகழ்ச்சியை ஒரு பத்தியில், தேதி, இடம், கோரிக்கை, உயிரிழந்தவர் பெயர், அரசு அப்போது சொன்ன விளக்கம் ஆகியவற்றோடு சுருக்கமாகத் தரலாம். முழு விவரத்துக்குத் தனிக் கட்டுரை எழுதி அங்கே வாசகரை அனுப்பலாம். அளவைக் குறைப்பதால் மரியாதை குறைந்துவிடாது. சரியான இடத்தில் சரியான சொற்களோடு நிற்கும் ஒரு பத்தி, கோபத்தில் நீண்ட பத்துப் பக்கத்தைவிடப் பல ஆண்டுகள் வாசிக்கப்படும்.

2019-இல் வெளிவந்த 'அசுரன்' திரைப்படத்துக்குப் பிறகு பஞ்சமி நிலம் என்ற சொல் மாநிலம் முழுவதும் இளைஞர்களின் பேச்சில் புகுந்தது. கட்சிகள் ஒன்றையொன்று சாடவும் அந்தச் சொல் பயன்பட்டது. படம் ஏற்படுத்திய விழிப்பு குறிப்பிடத்தக்கது. ஒரு வரி போதும். மேடைச் சாடல்களைப் பொறுத்தவரை, நீதிமன்றத்திலோ அதிகாரபூர்வ விசாரணையிலோ முடிவானதை முடிவானதாகவும், நிலுவையில் இருப்பதை நிலுவையில் இருப்பதாகவும் எழுதலாம். மற்றதை நாளிதழுக்கே விட்டுவிடலாம்.

இன்று கையில் வைத்திருப்பவர்

இன்னொரு தரப்பையும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் நிலத்தின் மதிப்பைப் பல மடங்கு ஏற்றிவிட்டன. மூன்று கை மாறிய பிறகு, வங்கிக் கடன் வாங்கி, நகையை விற்று, ஒரு மனை வாங்கி வீடு கட்டியவர் இருக்கிறார். பத்திரப் பதிவு அலுவலகம் பதிந்து கொடுத்தது, பட்டாவும் மாறியது, வரியும் கட்டுகிறார். ஒரு நாள் அது நிபந்தனை நிலம் என்று தெரியவந்தால் அவர் படும் திகைப்பு உண்மையானது. அவரையும், அடிமட்ட விலைக்கோ அதட்டலுக்கோ பணிந்து நிலத்தை இழந்த குடும்பத்தின் பேரப்பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டையிட விடுவதால் யாருக்கும் நன்மை இல்லை.

அதே சமயம், பிந்தைய வாங்குபவரின் சிரமத்தைச் சொல்லி முந்தைய இழப்பை மூடிவிடவும் கூடாது. நிபந்தனை விதிக்கப்பட்டதே, வறுமையில் இருப்பவர் நெருக்கடிக்கு ஆளாகி நிலத்தை இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கட்டுரையில் இந்தக் காரணம் தெளிவாக இருந்தால், 'நிலம் அவர்களுடையது என்றால் விற்க ஏன் உரிமையில்லை?' என்று உண்மையிலேயே புரியாமல் கேட்பவருக்கும் பதில் கிடைக்கும்.

இங்கே ஒரு கோட்டை உறுதியாகப் போட்டுக்கொள்ளலாம். கலைக்களஞ்சியம் நீதிமன்றம் ஆகாது. வட்டாட்சியர் அலுவலகமும் ஆகாது. ஆகவே, இன்ன புல எண் இன்னாரிடம் இருக்கிறது என்று தனியாட்களின் பெயர்ப் பட்டியலை அதில் ஏற்றக் கூடாது. அந்த விவரம் போக வேண்டிய இடம் மனுவும் வழக்கும். கட்டுரையில் இருக்க வேண்டியவை ஆணை, நிபந்தனை, வரலாறு, தீர்ப்புகளின் போக்கு, மீட்பு முயற்சிகள், இன்றைய கேள்விகள் ஆகியவை. இந்தக் கோடு நிலம் வைத்திருப்பவரின் அச்சத்தைக் குறைக்கும். நிலம் கேட்பவரின் நியாயத்துக்கும் இதனால் குறைவு வராது.

தொலைவிலும் இதே கேள்வி

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது ஊரே விழாக்கோலம் பூண்டிருந்தது நினைவிருக்கும். அடுத்த எட்டு மாதத்தில், 2020 ஜூன் 17 அன்று, சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வாழும் உய்குர் மக்கள் பற்றிய மனித உரிமைக் கொள்கைச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது. பிரதிநிதிகள் அவையில் ஆதரவாக 413 வாக்குகளும் எதிராக ஒரே ஒரு வாக்கும் விழுந்தன. அந்தச் சட்டம் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுபவர்களுக்கும் நமக்கு வந்த கேள்விகளே வரும். சட்டத்தின் பிரிவுகளும் வாக்கெடுப்பும் மட்டும் போதுமா? தடுப்பு முகாம்கள் பற்றிய சாட்சியங்களும் 2022 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையும் எவ்வளவு வர வேண்டும்? அந்த முகாம்கள் தொழிற்பயிற்சி மையங்கள், பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கை என்ற சீன அரசின் மறுப்பை எந்த இடத்தில் வைப்பது?

நல்ல தொகுப்பாளர் எடுக்கும் முடிவு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். சட்டம் நடுவில் இருக்கும். அது ஏன் பிறந்தது என்பதற்குத் தேவையான அளவு பின்னணி இருக்கும். சொன்னவர் பெயரோடு ஒவ்வொரு கூற்றும் இருக்கும். மறுப்பு மறைக்கப்படாது, மறுப்பு இருக்கிறது என்பதற்காக வலுவான சான்றும் மங்கலாக்கப்படாது. நடுநிலை என்பது இரண்டு தட்டிலும் ஒரே எடையைப் போட்டுவிடுவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். தராசின் முள்ளை நாம் பிடிக்காமல் இருப்பதும், சான்று எவ்வளவு கனமோ அவ்வளவு தட்டு இறங்க விடுவதுமே நடுநிலை.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தையே பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவர் அர்ச்சுனன் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கங்கையை வரவழைக்கத் தவமிருக்கும் பகீரதன் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். நூற்றாண்டாக அறிஞர்கள் இரு பெயரையும் எழுதிவருகிறார்கள். பாறையில் என்ன செதுக்கப்பட்டிருக்கிறது என்பதில் யாருக்கும் சண்டையில்லை. நடுவில் ஒரு பிளவு, அதில் நாகங்கள், ஒருபுறம் யானைகள், தவம் செய்யும் பூனை என்று கண்ணுக்குத் தெரிவதை முதலில் விவரித்துவிட்டு, பிறகு இரண்டு விளக்கங்களையும் அவற்றின் காரணத்தோடு தருகிறார்கள். வாசகர் இரண்டையும் அறிந்துகொண்டு சிற்பத்தின் முன் நிற்கிறார். பஞ்சமி நிலம் கல்லைவிடச் சூடான விஷயம்தான். ஆனாலும் முறை அதுவே.

ஏட்டில் ஏறாத சாட்சியம்

இந்த இடத்தில் ஒரு நேர்மையான ஆட்சேபம் எழுகிறது. கலைக்களஞ்சியம் அச்சான ஆதாரம் கேட்கிறது. எழுதும் வசதியும் அச்சிடும் வசதியும் யாரிடம் இருந்தன? நிலத்தை இழந்த குடும்பத்தில் எஞ்சியிருப்பது பாட்டியின் நினைவும், தகரப் பெட்டியில் மடித்து வைத்த ஒரு பழுப்பேறிய காகிதமும்தான். ஆதாரம் கேட்கும் விதி, ஏற்கெனவே குரல் உள்ளவரின் குரலையே மேலும் உயர்த்தாதா?

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. சரிபார்க்க முடியாததை ஏற்றினால் நாளை யாரும் எதையும் ஏற்றலாம் என்ற தொகுப்பாளரின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. விதியைத் தளர்த்துவதைவிட, அந்த நினைவுகளை ஆதாரமாக மாற்றும் வேலையை நாம் செய்யலாம். கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் ஊர் ஊராகச் சென்று, முதியவர்களின் ஒப்புதலோடு அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, தேதியிட்டு, ஆவணமாக வெளியிட்டால், அது மேற்கோள் காட்டத்தக்க நூலாகும். நிலம் வைத்திருந்த பழைய மிராசுக் குடும்பங்களிடமும் குத்தகைச் சீட்டுகளும் கணக்கு நோட்டுகளும் இருக்கும். அவற்றையும் கேட்டு வாங்கிப் படி எடுக்கலாம். இரு வீட்டுப் பெட்டிகளும் ஒரே மேசையில் திறக்கும்போது பல சந்தேகங்கள் தாமே தீரும்.

கூடிச் செய்யக்கூடியவை

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிதல்ல. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. அதில் பல துறை அறிஞர்கள் கூடி உழைத்தார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா பொதுமக்களையே ஆசிரியர்களாக்கி, ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. ஒருவர் உழைப்பு, அறிஞர் குழு உழைப்பு, ஊரார் உழைப்பு என்று மூன்று படிகளைக் கண்ட மொழிக்கு இந்த ஒரு கட்டுரை பெரிய சுமையாகாது.

செய்ய வேண்டியவை பலவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. டிரெமென்ஹீர் அறிக்கையையும் 1892 ஆணையையும் அவற்றின் முழு வாசகத்தோடு நல்ல தமிழில், குறிப்புகளுடன் எல்லோர் கைக்கும் எட்டும்படி செய்யலாம். மேற்கோள்கள் வழியாக மட்டுமே அறிந்த ஒன்றை முழுமையாகப் படிக்கும்போது இரு தரப்பிலும் மிகைகள் குறையும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பழைய ஆவணங்களோ பல அலுவலகங்களிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட வருவாய்த் துறை மனம் வைத்தால், ஆய்வாளரும் வழக்கறிஞரும் மட்டுமல்லாமல் நிலம் வாங்குபவரும் பயனடைவார். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் நில அளவையர்களுக்கும் பழைய பதிவேடுகளின் சுருக்கெழுத்து தெரியும். அவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

வரைவு தயாரானதும் அதை இரண்டு இடங்களில் வாசித்துக் காட்டலாம்: நிலம் கேட்கும் மக்களின் கூட்டத்தில் ஒரு முறை, குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஒரு முறை. இரு இடத்திலும் 'இந்த வரி தவறு' என்று ஆதாரத்தோடு சொன்னால் திருத்த வேண்டும். 'இந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை' என்று மட்டும் சொன்னால் காரணத்தை விளக்கிவிட்டு வரியை வைத்துக்கொள்ளலாம். இப்படி வாசிக்கப்பட்ட கட்டுரை எவருக்கும் முழுத் திருப்தி தராமல் போகலாம். ஆனால் தன் தரப்பை யாரோ திருடிவிட்டார்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு கட்டுரை எழுதிவிட்டால் நிலம் உரியவர் கைக்குத் திரும்பிவிடாது. அதற்கு அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டியவை அப்படியே இருக்கின்றன. ஆனால் எந்தத் தீர்வும் தொடங்குவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதில் ஓரளவு உடன்பாடு வேண்டும். ஊரில் வாய்க்கால் தகராறு வந்தால்கூட முதலில் பழைய வரைபடத்தை விரித்து வைத்துத்தான் பேசுகிறார்கள். எல்லோரும் நம்பக்கூடிய அந்த வரைபடம் நம் கையில் இருந்தால், நிலத்தை இழந்தவர் தன் உரிமையை யாசகமாகக் கேட்க வேண்டியிருக்காது. தெரியாமல் வாங்கியவர் தன் சிக்கலை ஒளித்து வைக்கவும் வேண்டியிருக்காது.

செங்கல்பட்டுப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர் நாளைக்கும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத்தான் போகிறார். அவர் குரலைத் தாழ்த்தாமல் கேட்கலாம். பதில் சொல்பவரும் குரலை உயர்த்தாமல் சொல்லலாம். அந்த அளவுக்கு ஒரு பக்கத்தையாவது நாம் சேர்ந்து எழுதி வைப்போம்.